உதட்டால் எண்ணியவர்

காலை ஆறு ஐம்பத்திரண்டு. குத்துமதிப்பாகச் சொல்லும் நேரமல்ல அது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் குக்கரை இறக்கி வைத்துவிட்டுச் சமையலறைக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். அதே கணம் தலைக்கு மேலே, மொட்டைமாடியில், மணல் நிரப்பிய தோல் பை ஒன்று விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பழகிப்போனது. ஐந்து மாதங்களாக வாரத்தில் மூன்று நாள் அதைக் கேட்டுக்கொண்டேதான் சட்னி அரைத்துவந்தேன். ஆனால் அன்று பை விழுந்த பிறகு இன்னொன்றும் விழுந்தது. பையைவிட மெதுவாக, முதலில் கொஞ்சமும் பிறகு மீதியுமாக விழுந்த மாதிரி இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஏறினேனா என்பது இன்றைக்கும் நினைவில்லை.

மாடியில் ஆபா மல்லாந்து கிடந்தார். என் மகள் பக்கத்தில் மண்டியிட்டு அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். உடற்பயிற்சிக்கு வந்திருந்த மற்ற ஆறு பெண்களில் இரண்டு பேரிடம் ஆபாவின் கால்களை உயர்த்திப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் பதற்றமே இல்லை. என்னைப் பார்த்ததும்தான் அது உடைந்தது. "பெரியம்மாவுக்கு நாடி ரொம்ப மெதுவா இருக்கும்மா" என்றாள். ஆபாவின் தலைக்கு அருகில் அந்தத் தோல் பை சாய்ந்து கிடந்தது. பழுப்பு நிறம், இரட்டைத் தையல், மூலையில் வெள்ளை நூலால் பின்னிய இரண்டு என்ற எண். இரண்டு கிலோ.

ஆபா என்றால் உருதில் அக்கா. எங்கள் கம்பெனியில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று எல்லாருக்குமே அவர் ஆபாதான். ஆம்பூர்ப் பக்கம் கம்பெனி என்று சொன்னால் வேறு விளக்கம் வேண்டியதில்லை. தோல் அல்லது ஷூ. நான் பிளஸ் டூ முடித்து இருபது வயதில் அங்கே சேர்ந்தபோது ஆபாவுக்கு முப்பத்தாறு. கணவர் போய்ச் சேர்ந்து, ஒரே மகனை வைத்துக்கொண்டு, வாணியம்பாடியிலிருந்து தினமும் கம்பெனி வேனில் வருவார். ஷூவின் மேல்பாகத் துண்டுகளை ஒட்டும் பேஸ்டிங் மேசையில் பன்னிரண்டு வருடம் நாங்கள் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். பிறகு நான் தபாலில் படித்து, பி.எட். முடித்து, ஆசிரியை ஆகிவிட்டேன். ஆபா ஐம்பத்தெட்டு வயதுவரை அந்த ஸ்டூலிலேயே இருந்தார். வேலையை விட்ட பிறகு எங்கள் தெருவுக்கே குடிவந்தார். மகன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டதால் தனியாக இருந்தார்.

இப்போது அவருக்கு அறுபத்தாறு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். ரயில்வே மேம்பாலத்தில் ஏறினால் நடுப்படியில் நின்று, சேலை முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் மூச்சு வாங்கிக்கொள்வார். ஒருநாள் என் மகளும் அவருடன் மேம்பாலம் ஏறினாள். அவள் பிசியோதெரபி படித்துவிட்டு ஊரில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள். ஆபா முந்தானையைச் சரிசெய்த விதத்தை அவள் நம்பவில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது, நடப்பது நல்லது, ஆனால் அது மட்டும் போதாது, சதைக்கும் பலம் ஏற்ற வேண்டும் என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவருக்கு விளக்கினாள். கால் சதை நன்றாக வேலை செய்தால் அதே படியை ஏறுவதற்கு இதயம் அவ்வளவு அடித்துக்கொள்ள வேண்டியதில்லை என்றாள். ஆபா கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் தோலத் தூக்கினேன். இப்ப உம் பொண்ணு மண்ணத் தூக்கச் சொல்றாடி."

ஆனாலும் முதலில் வந்தவர் அவர்தான். அவருக்குப் பின்னால் எங்கள் பழைய கம்பெனியில் தையல் மெஷினில் இருந்த பெண்கள் ஆறு பேர் வந்தார்கள். கடையில் விற்கும் இரும்பு எடைகளைப் பிடிக்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. ஆம்பளைப் பசங்க சாமான் என்றார்கள். ஆகவே பைகளைத் தாங்களே தைத்துக்கொண்டார்கள். வெட்டி மிஞ்சிய துண்டுத் தோல், வீட்டில் மெஷின் வைத்திருந்த ஒருத்தியின் தையல், எங்கள் வீடு கட்டியபோது மிஞ்சி மாடிப்படிக்குக் கீழே கிடந்த மணல். மளிகைக்கடைத் தராசில் வைத்து ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று எடை போட்டார்கள். ஆபா ஒவ்வொரு பையின் தையலையும் இரண்டு கட்டைவிரலால் பிரித்து இழுத்துப் பார்த்து, மூன்றைத் தள்ளிவைத்தார். "ரிஜெக்ட். எக்ஸ்போர்ட்டுக்குப் போவாது" என்றார். தைத்தவள் அவரை நான்கு நாள் திட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பிரித்துத் தைத்துக் கொடுத்தாள்.

ஐந்தாம் மாதம் ஆபா மேம்பாலத்தை நிற்காமல் ஏறினார். மேலே போய் நின்று, பின்னால் வந்த என்னைப் பார்த்து, முந்தானையைச் சரிசெய்வது போல் நடித்துக் காட்டினார். ரத்த அழுத்தமும் முன்னைப்போல் இல்லை, இறங்கியிருக்கிறது என்று அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் சொன்னாராம். என் மகள் அன்று வீட்டுக்குள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு தாய்க்கு அதைவிட என்ன வேண்டும்? மறுவாரம்தான் ஆபா விழுந்த அந்த வியாழக்கிழமை வந்தது.

ஆட்டோ வருவதற்குள் ஆபா கண்ணைத் திறந்துவிட்டார். ஆனால் முகம் சாம்பல் பூசியது போல் இருந்தது; ஜாக்கெட் முழுக்க வியர்வை. நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்றார். ஊரில் பார்த்த டாக்டர் நேரே வேலூருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸில் என் மகள் ஆபாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த நான் ஆபாவைப் பார்க்காமல் என் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கிடப்பவர் எனக்கு யார் என்பது தெரிந்தும், என் மனம் முதலில் போனது என் பெண்ணின் பக்கம்தான். இவருக்கு ஒன்று ஆகிவிட்டால் இவள் இனி யார் உடம்பையும் தைரியமாகத் தொடுவாளா? இருபத்தைந்து வயதில் ஒரு உயிரைத் தூக்கிக்கொண்டு எத்தனை வருடம் நடப்பாள்?

அந்தக் கேள்வி இன்னும் கொடுமையாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இந்த மகள் என் வயிற்றில் இருந்தபோது ஆபா அவளுக்குச் செய்த ஒரு காரியம்.

பேஸ்டிங் மேசையில் ஒட்டுவதற்கு நாங்கள் பயன்படுத்திய பசைக்கு சொல்யூஷன் என்று பெயர். டப்பாவைத் திறந்ததும் மூக்கின் வழியாக ஏறி நெற்றிக்கு நடுவில் போய் உட்காரும் வாடை. சுவரில் ஒரு ஃபேன் உண்டு. அது வாடையை வெளியே தள்ளுவதைவிட எங்கள் பக்கம் திருப்பியதுதான் அதிகம். அதனால் மேசைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே பழக்கம். டப்பாவில் பிரஷ் முக்கும்போது மூச்சை நிறுத்திக்கொள்வோம். தோலின் ஓரத்தில் தடவி, துண்டோடு துண்டை வைத்து அழுத்தி, ஓரமாகத் தள்ளிய பிறகு தலையைத் திருப்பி மூச்சை விடுவோம். கையை இறுக்கி அழுத்தும் நேரமும் மூச்சை அடக்கும் நேரமும் ஒன்றாகிப்போனது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரு வாரத்தில் உடம்பே அதைப் பழகிக்கொண்டது. எனக்கு இன்றுகூடப் பூட்டு திறக்காமல் அடம்பிடித்தால் மூச்சு தானாக நின்றுவிடுகிறது.

ஆனால் எட்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? பின்னால் நூறு தையல் மெஷின் ஓடும். கத்தினாலும் கேட்காது, கத்துவதற்கு மூச்சை இழுத்தால் வாடை உள்ளே போகும். ஆகவே சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொண்டோம். ஒதட்டுப் பேச்சு என்றே அதற்குப் பெயர். எதிர் மேசைக்காரியின் நாத்தனார் சண்டை, யாருக்கு எங்கே பெண் பார்த்தார்கள், மதியத்துக்கு என்ன குழம்பு, எல்லாம் காற்றில்லாமல் எங்களிடையே போய்வரும். அதில் ஆபாவை மிஞ்ச ஆளில்லை. சூப்பர்வைசர் அவர் தோளுக்குப் பின்னால் நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆபா தலையைக் குனிந்து பயபக்தியோடு பிரஷ் ஓட்டிக்கொண்டே, பக்கத்திலும் எதிரிலும் இருக்கும் எங்களுக்கு அந்தச் சூப்பர்வைசரின் தொப்பையைப் பற்றி உதட்டால் ஒரு முழுக் கதை சொல்லுவார். நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் மாட்டிக்கொள்வோம். அவர் முகத்தில் ஒரு கோடுகூட மாறாது. உருப்படிகளை எண்ணுவதும் அப்படித்தான். ஒவ்வொன்றையும் தள்ளும்போது அவர் உதடு ஒரு எண்ணைச் சொல்லும். பக்கத்தில் காதை வைத்தாலும் ஒன்றும் கேட்காது.

நான் முழுகாமல் இருந்த நான்காம் மாதம், டப்பாவைத் திறந்ததும் எனக்குக் குமட்டியது. சூப்பர்வைசரிடம் சொல்லப் பயம். வேறு செக்‌ஷனில் இடமில்லை, வீட்டுக்குப் போ என்றுவிடுவார்கள். மறுநாள் காலை போனபோது என் ஸ்டூல் ஜன்னல் ஓரத்துக்குப் போயிருந்தது. என் டப்பா ஆபாவின் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒட்டிய துண்டுகளில் பிசிறு வெட்டும் வேலையை என் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு பேருடைய ஒட்டும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். நான் தயங்கி நின்றேன். அவர் உதட்டை மட்டும் அசைத்தார்.

"நீ ரெண்டு பேருக்கு மூச்சு விடணும். இத நான் பாத்துக்கறேன், போடி."

ஐந்து மாதம் அப்படியே நடந்தது. சாயந்திரம் மணி அடித்ததும், விரல் நுனியில் காய்ந்த சொல்யூஷனைத் தேய்த்து உருட்டி எடுப்போம். ரப்பர் மாதிரி வரும். எல்லாரும் அதை வீசிவிடுவார்கள். ஆபா மட்டும் பிசிறு வெட்டும்போது என் விரலில் ஒட்டியதையும் வாங்கி, தினமும் ஒரு உருண்டையோடு சேர்த்துச் சேர்த்து ஒட்டிக்கொண்டே வந்தார். என் மகள் பிறந்து நடக்கத் தொடங்கிய வயதில், எலுமிச்சை அளவுக்கு வந்திருந்த அந்தப் பந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். தரையில் போட்டால் உத்தரம்வரை எழும்பும். அவள் ஆடிய முதல் பந்து அதுதான்.

வேலூர் ஆஸ்பத்திரியின் வராந்தாவில் நான் இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் பொய். பந்து மட்டும்தான் நினைவுக்கு வந்தது. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எக்கோவுக்குக் கொண்டுபோனார்கள். பதினொரு மணி இருக்கும். ஒரு பெண் டாக்டர் வெளியே வந்தார். மாரடைப்பு இல்லை என்று முதலில் சொன்னார். இதயம் நன்றாகவே வேலை செய்கிறது. பல வருட ரத்த அழுத்தத்தால் சுவர் கொஞ்சம் தடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். அவர் என் மகள் பக்கம் திரும்பி, எடை தூக்கியதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், இந்த வயதுப் பெண்களுக்கு நாங்களே செய்யச் சொல்கிறோம், ஆனால் தூக்கும்போது இவர் மூச்சை அடக்கினாரா என்று கேட்டார். அப்படி அடக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும், இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறையும், ரத்த அழுத்தம் எகிறி இறங்கும், தலை சுற்றி விழுவார்கள்; பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது என்றார்.

என் மகள் தலையை ஆட்டி மறுத்தாள். "இல்ல மேடம். மூச்சை அடக்கக் கூடாதுன்னுதான் எல்லாரையும் வாய்விட்டு எண்ணச் சொல்றேன். எண்ணினா மூச்சு வந்துதானே ஆகணும்? பெரியம்மாவும் எண்ணினாங்க. ஒவ்வொரு தடவையும் உதடு அசைஞ்சுது. நான் பாத்தேன்."

ஏழு பெண்கள் சேர்ந்து எண்ணும் மாடியில் ஒரு குரல் குறைந்தால் யாருக்குத் தெரியும்? அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். முப்பத்திரண்டு வருடம் கையை இறுக்கிய போதெல்லாம் மூச்சை நிறுத்திய உடம்பு அது. மூச்சே இல்லாமல் எண்ணுகிற உதடு அது. இந்த உலகத்தில் அதைத் தெரிந்த சிலரில் நான் ஒருத்தி. அதே மாடிக்குக் கீழே, அதே காலைகளில், சட்னி அரைத்துக்கொண்டிருந்தவள். மாடியிலிருந்து எண்ணும் சத்தம் இறங்கி வரும்போது ஆபாவின் குரலை அதில் நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கேட்காததை நான் கவனிக்கவே இல்லை.

வராந்தாவிலேயே சொன்னேன். டாக்டர் கேட்டுவிட்டு, இது எனக்கும் புதிதுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். என் மகள் மெதுவாகக் கேட்டாள்.

"ஏம்மா, இத நீ ஒரு நாள்கூட எங்கிட்ட சொல்லல?"

கம்பெனியில் வேலை பார்த்தவள் என்பதை நான் மறைத்ததில்லை. ஆனால் வீட்டில் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. ஆசிரியை ஆன பிறகு அந்த வாடையைச் சேலையோடு மடித்து எங்கோ வைத்துவிட்டேன். பந்தைத் தந்தது யார் என்று சொல்லியிருக்கிறேன். அது எதனால் ஆனது என்று சொன்னதில்லை. ஆபாவும் சொன்னதில்லை.

மதியம் ஆபாவின் மகன் ஓசூரிலிருந்து வந்தார். நாற்பது வயதைத் தாண்டிய, அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். வகுப்பு தொடங்கியபோதே, இந்த வயசுல இதெல்லாம் வேணுமா என்று போனில் கேட்டவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். டாக்டர் சொன்னதைக் கேட்டார். நான் சொன்னதையும் கேட்டார். எங்கள் இருவரையும் பார்க்காமல் சொன்னார்: "கம்பெனியே அவங்கள விட்டுடுச்சுக்கா. நீங்க விட மாட்டேன்றீங்க." கோபப்பட்டுக் கத்தியிருந்தால் என் மகள் தாங்கியிருப்பாள். மூன்றாம் நாள் அம்மாவை அங்கிருந்தே ஓசூருக்கு அழைத்துப் போய்விட்டார்.

பைகளையெல்லாம் என் மகள் ஒரு கோணியில் கட்டிப் படிக்குக் கீழே, மணல் கிடந்த இடத்திலேயே வைத்தாள். மற்றப் பெண்கள் இரண்டு முறை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். கிளினிக்கில் யாருக்கும் எடை கொடுத்துப் பயிற்சி சொல்வதில்லை, ஒத்தடமும் கரண்ட் சிகிச்சையும் மட்டும் கொடுக்கிறாள் என்று அவளோடு வேலை பார்க்கும் பெண் சொல்லித் தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து பருக்கையை எண்ணுவாள். என் மனதுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி, நல்லவேளை, இத்தோடு போகட்டும், இனி இந்த வம்பே வேண்டாம் என்றாள். இன்னொருத்தி, ஜன்னல் ஓரத்து ஸ்டூலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், அவளைப் பார்த்து வெட்கப்பட்டாள். ஓசூருக்கு போன் செய்தால் மகன் எடுப்பார். அம்மா தூங்குகிறார் என்பார். ஏழு வாரம் அப்படிப் போயிற்று.

எட்டாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்; என் மகள் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு மாடிப்படி செங்குத்து. பாதியில் நிற்காமல் யாரும் ஏற மாட்டார்கள். இந்தக் காலடி நிற்கவில்லை. ஆபா வந்து நின்றார். கொஞ்சம் இளைத்திருந்தார். பின்னால் அவருடைய மகன். தோளில் எங்கள் கோணி. அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கியவர் மகன்தான்.

"அங்க ஒரு டாக்டரம்மாவும் செய்யலாம்னு சொல்லிட்டாங்கக்கா" என்றார் மகன். ரெண்டு வாரமாகத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அம்மா எண்ணுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து விசாரிக்கிறார்கள், பேஜாராகப் போய்விட்டது என்றார். சொல்லும்போது என் மகளைப் பார்த்துத்தான் சொன்னார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கோணியைப் படிக்குக் கீழேயிருந்து தூக்கி வந்தவர் அவர்.

ஆபா கோணியைப் பிரித்தார். தையலை இழுத்துப் பார்த்துப் பார்த்து, இரண்டு என்று பின்னிய பழுப்புப் பையைக் கையில் எடுத்தார். என் மகள் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அதை வாங்கிக்கொண்டாள். கோணிக்குள் கைவிட்டு ஒரு கிலோ பையை எடுத்து நீட்டினாள். ஆபா அதைக் கையில் எடை பார்த்தார். "இன்னா டாக்டரம்மா, ரிஜெக்ட் பண்ணிட்டியா என்ன?" என்றார். என் மகள் எட்டு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு, தொழில் தெரிந்தவள் மாதிரி, அவருடைய கால்களை அகட்டி நிற்கவைத்து, முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

நான் கொடிக்குப் பின்னால் ஈரத் துணியோடு நின்றேன். என் கண் என்னையறியாமல் பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் ஆபாவின் வாயின் மேல் போய் நின்றது. அவர் பையைத் தரையில் வைத்து, குனிந்து எடுத்து நிமிர்ந்தார். "ஒண்ணு" என்றார். தெருமுனைவரை கேட்டிருக்கும். எதிர்வீட்டு மாடியில் ஒருவர் எட்டிப் பார்த்தார். ஆபா அவரைக் கவனிக்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"இன்னாடி, இன்னும் என் ஒதட்டயே பாத்துனு நிக்கற? காதால கேளு."